வாசெக்டமியைத் திரும்பச் சேர்க்க எந்த சேர்ஜனிடம் போவது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தாதிய உத்தியோகத்தர். 24 வருடம் ஒப்பரேசன் தியேட்டரில் நின்று, ஓய்வு பெற்று, இப்போது உவர்மலைப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். இருட்டின பிறகு கேற்றடியில் வந்து நின்று, நாலு வார்த்தை வேறு கதை பேசி, பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள் சிலர். "அண்ணே, முந்தி குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேசன் செய்தனான். இப்ப திரும்பச் சேர்க்கலாமா? யாரிட்ட போறது?" கிண்ணியாவிலிருந்து வருவார்கள், மூதூரிலிருந்து வருவார்கள், நிலாவெளியிலிருந்தும் வருவார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். நான் வைத்தியன் இல்லை. உங்களுக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கும் நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நிபுணரை எப்படித் தேடுவது என்பதில் என்னால் உதவ முடியும்.

வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேசன், நிரந்தரம் என்றுதானே சொன்னார்கள்? உண்மையில் திரும்பச் சேர்க்க முடியுமா?

முடியும். நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள், அது சரியான அறிவுரை. ஆனால் வாசெக்டமியில் விதைக்கு ஒன்றும் ஆவதில்லை. விந்தணு உற்பத்தி நடந்துகொண்டேதான் இருக்கும். அது வெளியே வரும் குழாயை மட்டும் வெட்டிக் கட்டியிருப்பார்கள். வெட்டிய இரண்டு முனைகளையும் திரும்பப் பொருத்தினால் பாதை திறக்க வாய்ப்பு உண்டு.

கேட்டு வருகிறவர்களில் மனைவியை இழந்து மறுமணம் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பிள்ளைகளை இழந்த பெற்றோருக்குக் கருத்தடையை மீளச் சேர்க்கும் சத்திரசிகிச்சைக்குத் தமிழ்நாட்டு அரசு உதவி செய்தது. அங்கே பெரும்பாலும் பெண்களுக்குத்தான் அது நடந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு இந்தக் கரையிலிருந்தும் பலர் என்னிடம் விசாரித்தார்கள். "இந்த வயதில் உனக்கு ஏன் இது" என்று யாராவது கேட்பார்களே என்று கூசிக்கொண்டு நிற்காதீர்கள். காரணம் உங்களுடையது. நல்ல வைத்தியர் அதைக் கேட்டு உங்களை எடைபோட மாட்டார்.

எந்த வகை வைத்தியரைத் தேட வேண்டும்?

யூரோலொஜி சேர்ஜன், அதாவது சிறுநீர்த் தொகுதிக்கும் ஆண் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் உரிய சத்திரசிகிச்சை நிபுணர். நம் ஊரில் ஜீ.யூ. சேர்ஜன் என்றும் சொல்வார்கள். வாசெக்டமியைப் பயிற்சி பெற்ற ஒரு சாதாரண வைத்திய அதிகாரியே கால் மணி, அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். அதனால் திரும்பச் சேர்ப்பதும் அதே மாதிரி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இது இரண்டு முதல் நாலு மணி நேரம் பிடிக்கும் நுண்சத்திரசிகிச்சை. முதலில் வாசெக்டமி செய்தவரையே தேடிப் போக வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

இலங்கையில் ஒருவர் யூரோலொஜி நிபுணர் ஆவதென்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. சேர்ஜரி முடித்து, அதன் பிறகு யூரோலொஜியில் பயிற்சி பெற்று, போர்ட் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். சனல் பண்ணுவதற்கு, அதாவது தனியாரில் காசு கட்டிக் காட்டுவதற்கு, முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் நிபுணர் என்று எழுதியிருப்பது வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு.

போர்ட் சான்றிதழ் பெற்ற நிபுணர் என்றால் போதாதா?

போதாது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அதிக நேரம் எடுத்து விளக்குவது இதைத்தான்.

யூரோலொஜி சேர்ஜன்கள் அன்றாடம் செய்வது சிறுநீரகக் கல், புரஸ்டேட், புற்றுநோய். அவற்றில் மிகச் சிறந்த கை ஒருவருக்கு இருக்கலாம். ஆனால் வருடத்தில் ஒரு தடவைகூட விந்துக்குழாயைத் தைக்காமல் இருக்கலாம். அந்தக் குழாயை வெளியே தொட்டுப் பார்த்தால் கயிறு மாதிரி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். உள்ளே விந்தணு போகும் துவாரம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அந்தத் துவாரத்தின் ஓரத்தோடு ஓரத்தைப் பொருத்தித் தைக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் விலகினாலும் பிறகு அந்த இடத்தில் தழும்பு விழுந்து அடைத்துக்கொள்ளும்.

நுண்சத்திரசிகிச்சைக்கு வரும் 10-0 நைலோன் நூலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் தடிப்பு 0.02 மில்லிமீற்றர் சொச்சம், தலைமுடியில் மூன்றிலொரு பங்கு வரும். முதன்முதலாக அந்தப் பக்கெற்றை நான் பிரித்தபோது உள்ளே நூலே இல்லை என்றுதான் நினைத்தேன். பச்சைத் துணியில் ஊசி விழுந்தால் வெறுங்கண்ணால் தேடுவது பெரும்பாடு. மூச்சு வேகமாக விட்டாலே நூல் பறக்கும். சேர்ஜன் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டுக்குக் கீழே விரல் மட்டும் அசையத் தைப்பார். உள்சுவருக்கு ஒரு சுற்று, வெளிச்சுவருக்கு ஒரு சுற்று. ஒரு தையல் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் வெட்டிவிட்டு மறுபடி போடுவார். கடைசிப் பத்து நிமிடத்திலும் முதல் பத்து நிமிடத்தில் இருந்த அதே நிதானம் கையில் இருக்க வேண்டும்.

இந்த நிதானம் சான்றிதழோடு வருவதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. வலை பொத்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. தினமும் பொத்துகிறவரின் முடிச்சும் வருடத்துக்கு ஒருநாள் பொத்துகிறவரின் முடிச்சும் ஒன்றில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மைக்ரோஸ்கோப் இல்லாமல், கண்ணாடி லூப் போட்டும் செய்கிறார்களே?

செய்கிறார்கள், சிலருக்குச் சரிவந்தும் இருக்கிறது. லூப் என்பது கண்ணாடியில் பொருத்தும் பூதக்கண்ணாடி. பொதுவாக இரண்டரையிலிருந்து நாலரை மடங்கு வரை பெரிதாக்கும். சத்திரசிகிச்சை மைக்ரோஸ்கோப் பத்து, இருபது மடங்கு வரை பெரிதாக்கும். நான் சொன்ன அளவு துவாரத்துக்கு எது பொருத்தம் என்று நீங்களே தீர்மானிக்கலாம். என் சொந்தக்காரருக்கு நான் சொல்வதென்றால் மைக்ரோஸ்கோப் என்றுதான் சொல்வேன்.

சேர்ஜனிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். சனல் அறையில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

முதலாவது, "டொக்டர், இந்த ஒப்பரேசனை நீங்கள் வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், மைக்ரோஸ்கோப்பிலா?" மொத்தமாக எத்தனை செய்திருக்கிறார் என்பதைவிட, அண்மையில் எத்தனை என்பதைக் கேளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. இதைப் பலர் கேட்பதே இல்லை. "திறந்து பார்க்கும்போது குழாயில் விந்தணு இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" ஏன் இது முக்கியம் என்று சொல்கிறேன். விதைப் பக்கத்து முனையை வெட்டியதும் அதிலிருந்து ஒரு துளி திரவம் கசியும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். திரவம் தெளிவாக இருந்தாலோ, முழு விந்தணுவோ உடைந்த விந்தணுத் துண்டுகளோ தெரிந்தாலோ, இரண்டு முனைகளையும் நேராகச் சேர்க்கலாம். அதற்கு வாசோவாசோஸ்டமி என்று பெயர். பற்பசை மாதிரி தடித்து, விந்தணுவே இல்லாமல் இருந்தால், விதையோடு ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருட்குழாயில் இன்னொரு அடைப்பு விழுந்திருக்கக்கூடும். வாசெக்டமி செய்து வருடங்கள் கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடும். அந்த நிலையில் விந்துக்குழாயை அந்தச் சுருட்குழாயோடேயே நேரடியாகத் தைக்க வேண்டும். அதுதான் வாசோஎபிடிடிமோஸ்டமி. யூரோலொஜியில் மிகக் கடினமான தையல்களில் ஒன்று.

இது தேவைப்படுமா இல்லையா என்பது வயிற்றுப் பக்கம் ஸ்கேன் எடுத்தோ இரத்தம் சோதித்தோ முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. மேசையில் கிடக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே இரண்டையும் செய்யத் தெரிந்தவர்தான் உங்களுக்குத் தேவை. "அப்படி வந்தால் பார்க்கலாம்" என்ற பதில் போதாது. "வந்தால் அப்போதே, அதே ஒப்பரேசனில் செய்வேன், இத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்" என்பது பதில்.

பிறகு, அவருடைய நோயாளிகளில் எத்தனை பேருக்கு விந்தணு திரும்ப வந்தது, எத்தனை பேருக்குக் குழந்தை கிடைத்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒப்பரேசன் நேரத்தில் விந்தணு எடுத்து உறைய வைக்கும் வசதி உண்டா என்பதையும், தைக்கப்போவது அவரேதானா, பயிற்சியில் இருப்பவரா என்பதையும் கேட்க வேண்டும்.

இப்படியெல்லாம் கேட்டால் டொக்டர் கோபிக்க மாட்டாரா?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. டொக்டருக்கு முன்னால் வாய் திறக்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நான் வேலை செய்த நல்ல சேர்ஜன்கள் யாரும் இப்படியான கேள்விக்குக் கோபித்ததில்லை. ஒருவர், "இது என் வேலை இல்லை தம்பி, கொழும்பில் இதையே செய்கிறவர் இருக்கிறார், கடிதம் தருகிறேன்" என்று நோயாளியிடம் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. கேள்வி கேட்டதற்காக ஒருவர் எரிந்து விழுந்தால், சனல் காசு போனாலும் பரவாயில்லை, எழுந்து வாருங்கள்.

அவர் என்னிடம் என்ன கேட்டால் விஷயம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்?

வாசெக்டமி எந்த வருடம் செய்தது, அதற்குப் பிறகு கட்டியோ நோவோ வந்ததா, ஹேர்னியா (குடலிறக்க) ஒப்பரேசன் நடந்ததா என்று கேட்பார். ஹேர்னியா தைக்கும்போது கவட்டுப் பக்கம் விந்துக்குழாய் காயப்பட்டிருக்கலாம். முன்பு பிள்ளை இருக்கிறதா, புகைப்பழக்கம் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்றும் கேட்பார். டெஸ்ரொஸ்ரரோன் ஊசியோ ஜிம்மில் கொடுக்கும் ஹோர்மோன் மருந்தோ எடுத்தவர் அதை மறைக்கவே கூடாது. அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

பிறகு கையால் பரிசோதிப்பார். விதையின் அளவு, வெட்டிய முனைகளுக்கிடையே உள்ள தூரம், விதைப் பக்கம் மிச்சமிருக்கும் குழாயின் நீளம், எல்லாம் விரலில் தெரியும். பரிசோதிக்காமலே திகதி குறிக்கிறவரிடம் ஒப்பரேசனுக்குப் போகாதீர்கள்.

"தொண்ணூறு வீதம் சக்சஸ்" என்கிறார்கள். நம்பலாமா?

எதில் தொண்ணூறு என்று கேளுங்கள். விந்தணு திரும்ப வருவது ஒன்று, குழந்தை உண்டாவது இன்னொன்று. 1991இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. முதல் தடவையாக மைக்ரோஸ்கோப்பில் சேர்த்துக்கொண்ட 1,247 ஆண்களைப் பார்த்தார்கள். வாசெக்டமி செய்து 3 வருடத்துக்குள் வந்தவர்களில் 97 வீதமானோருக்கு விந்தணு வந்தது, 76 வீதமானோருக்குக் குழந்தை உண்டானது. 3 முதல் 8 வருடம் என்றால் விந்தணு 88 வீதம், குழந்தை 53 வீதம். 9 முதல் 14 வருடம் என்றால் 79 வீதம், 44 வீதம். 15 வருடமும் அதற்கு மேலும் என்றால் 71 வீதம், 30 வீதம்.

இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். விளம்பரத்தில் போடுவது எப்போதும் முதல் எண்தான். மேலும், இவை அனுபவமுள்ள கைகள் செய்தவை. உங்கள் சேர்ஜனின் கணக்கு வேறாக இருக்கலாம், அதனால்தான் அவருடைய கணக்கைக் கேட்கச் சொல்கிறேன்.

அதே நேரம், பதினைந்து வருடம் கடந்துவிட்டதே என்று மனம் விட வேண்டாம். கதவு மூடப்படவில்லை.

மனைவியும் வர வேண்டுமா?

கட்டாயம். ஒப்பரேசன் உங்களுக்கு என்றாலும் குழந்தை உண்டாவதைப் பெரிதும் தீர்மானிப்பது மனைவியின் வயது. 35க்குப் பிறகு வாய்ப்புக் குறையத் தொடங்கும், 40க்குப் பிறகு வேகமாகக் குறையும். நீங்கள் மேசையில் ஏறுவதற்கு முன்பே அவர் ஒரு வி.ஓ.ஜி.யிடம் (பெண் நோயியல், மகப்பேற்று நிபுணரிடம்) காட்டி, சூலகம், கருக்குழாய் எல்லாம் சரியா என்று பார்த்துவிட வேண்டும். கணவனுக்கு எல்லாம் செய்து முடித்து ஒன்றரை வருடம் காத்திருந்து, பிறகு மனைவிக்கு இரண்டு குழாயும் அடைப்பு என்று கண்டுபிடித்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த மனைவி என் வீட்டு விறாந்தையில் இருந்து அழுதது இன்னும் என் மனதில் கிடக்கிறது.

சேர்க்காமல் நேரே டெஸ்ட் டியூப் முறைக்குப் போகலாமா?

போகலாம். விதையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ ஊசியால் விந்தணு எடுத்து, ஐ.சி.எஸ்.ஐ. முறையில் முட்டைக்குள் செலுத்துவார்கள். மனைவிக்கு வயது கூடவென்றால், அல்லது அவருக்கும் ஒரு பிரச்சினை இருந்தால், இதுவே நல்ல வழியாக இருக்கலாம். மனைவி இளம் வயது, இரண்டு மூன்று பிள்ளை வேண்டும் என்றால் மீளச் சேர்ப்பதற்குப் பலம் அதிகம். ஒருமுறை பாதை திறந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு கட்டத் தேவையில்லை. ஐ.சி.எஸ்.ஐ.யில் ஊசியும் மருந்தும் படுவது மனைவி என்பதையும் நினையுங்கள். இரண்டு வழியையும் பற்றி நேர்மையாகப் பேசும் சேர்ஜன் நல்ல சேர்ஜன்.

திருகோணமலையிலேயே செய்யலாமா, வெளியே போக வேண்டுமா?

தொடங்குவது இங்கேயே. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, யூரோலொஜி கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆனால் அவசரமில்லாத ஒப்பரேசனுக்கு வரிசை நீளும். ஒப்பரேசனைப் பொறுத்தவரை, ஊர் கிட்டவா என்று பார்க்காமல் கை பழகியதா, மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டக்களப்பாகவும் இருக்கலாம், யாழ்ப்பாணமோ கண்டியோ கொழும்போ ஆகவும் இருக்கலாம். கொழும்புக்கு இரவு ரயிலில் ஏறினால் விடிய இறங்கலாம். வாழ்க்கையில் ஒருமுறை செய்யும் பயணம், அலுப்பைப் பார்க்காதீர்கள்.

சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே எம்.சி.எச். யூரோலொஜி பட்டமும் மருத்துவ சபைப் பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். கேள்விகள் எல்லாம் அதே கேள்விகள்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு வீக்கமோ காய்ச்சலோ வந்தால் இங்கே யார் பார்ப்பார் என்று போகுமுன்பே ஒழுங்கு செய்யுங்கள். தரகர் மூலம் போகாதீர்கள்.

செலவு?

எழுத்தில் கேளுங்கள். சேர்ஜன், மயக்க மருந்து வைத்தியர், தியேட்டர், மைக்ரோஸ்கோப், நூல், கட்டில் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். எபிடிடிமிஸில் தைக்க வேண்டி வந்தால் கூடுமா என்பதும் அதில் இருக்க வேண்டும். மலிவு என்பதற்காக மட்டும் ஓரிடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். இரண்டாம் தடவை செய்ய நேர்ந்தால் அதுதான் மிகப் பெரிய செலவு.

ஒருமுறை செய்து சரிவரவில்லை. இனி வழி இல்லையா?

உண்டு, ஆனால் முதல் தடவை அளவுக்கு வாய்ப்பு இருக்காது. தழும்பு கூடியிருக்கும், குழாயின் நீளமும் குறைந்திருக்கும். என் மச்சான் முறையான ஒருவர், கிட்ட இருக்கிறது என்று ஓரிடத்தில் மைக்ரோஸ்கோப் இல்லாமல் செய்துகொண்டார். எட்டு மாதமாகியும் ரிப்போர்ட்டில் விந்தணு பூச்சியம். முதல் ஒப்பரேசன் குறிப்பைக் கேட்டு எடுத்தோம். திரவத்தைப் பார்த்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது தடவை மைக்ரோஸ்கோப்பில் செய்தபோது ஒரு பக்கம் எபிடிடிமிஸில் அடைப்பு இருந்தது தெரிந்தது. நீங்களும் பழைய குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அடுத்தவரிடம் போக வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

ஊருக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?

முடியும். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்ல எந்த வைத்தியருக்கும் தாதிக்கும் உரிமை இல்லை. கிளினிக் வரிசையில் தெரிந்த முகம் வரும் என்று பயந்தால் வேறு ஊரில் காட்டுங்கள். வீட்டில் கேட்டால் ஹேர்னியா என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். மனைவிக்கு மட்டும் ஒன்றையும் மறைக்காதீர்கள்.

எப்போது திரும்பக் கடலுக்குப் போகலாம்? எப்போது ரிப்போர்ட் தெரியும்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஒரு வாரத்தில் போகலாம். வலை இழுப்பது, எஞ்சின் தூக்குவது, மூட்டை சுமப்பது எல்லாம் மூன்று நாலு வாரம் வேண்டாம். தாம்பத்திய உறவுக்கும் உங்கள் சேர்ஜன் சொல்லும் நாள்வரை பொறுங்கள், பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரம். இறுக்கமான உள்ளாடை கொஞ்சக் காலம் போட வேண்டும். வீக்கம் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே காட்டுங்கள்.

முதல் விந்துப் பரிசோதனை ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் இருக்கும். பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை. எபிடிடிமிஸில் தைத்திருந்தால் விந்தணு தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். வந்த விந்தணு பிறகு தழும்பால் மறைவதும் உண்டு. ஆகவே நல்ல ரிப்போர்ட் ஒன்று வந்ததும் உறைய வைத்துச் சேமிப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

மாதிரி கொடுக்கும் நாளுக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு கூடாது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லாப்பில் இருக்க வேண்டும். குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருகிறவர்கள் போத்தலை பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம், லாப்பிலேயே தனி அறை கேட்டு அங்கேயே கொடுங்கள். வீடு கிட்ட என்றால் போத்தலைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டோடு வைத்துக் கொண்டு வாருங்கள். ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது.